ராடு டூப்ளிகேட் இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

காரைக்குடி கோட்டையூர் ரோடு பட்டறையிலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

பத்து நாளாக ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நம்ம கடையா?" என்று கேட்டுவிட்டீர்கள். நம்ம கடைதான். திருப்பத்தூர் ரோட்டில் எழுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஆடியது, வண்டியை நிறுத்தும்வரை அடங்கவில்லை, காரணம் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க நாங்கள் போட்ட டூப்ளிகேட் ராடு என்று அந்தத் தம்பி பேசுகிறார். பயந்துபோன குரல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி ஆடியது உண்மை. யாருக்கும் அடிபடவில்லை, அது குன்றக்குடியான் புண்ணியம்.

ஆனால் 'டூப்ளிகேட்' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. அப்பா காலத்தில் இங்கே ஜீப்புக்குப் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், அடித்தோம். சுற்றுவட்டாரத்துக் கண்மாய்க் கரைகளில் ஓடிய பல வண்டிகளின் பட்டை இந்த உலைக்களத்தில் சிவந்ததுதான். இரும்பு சரியில்லை என்றால் அப்பா காசு வாங்கமாட்டார், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு நான் போலிச் சரக்கு விற்பேனா? அந்த ராடு வந்த பெட்டி, பில், அதில் அடித்திருக்கும் நம்பர் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சரி, ராடு விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் பட்டைதான் வண்டியைத் தூக்கியும் பிடிக்கிறது, அச்சு பக்கவாட்டில் நகராமலும் பிடிக்கிறது. மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் கட்டை அச்சு, அதன்மேல் காயில் (சுருள்) ஸ்பிரிங். காயிலுக்குத் தூக்கத் தெரியும், பக்கவாட்டில் பிடிக்கத் தெரியாது. அதனால் ஒரு முனை சேஸிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்) மறுமுனை அச்சிலுமாகக் குறுக்கே ஒரு ராடு போட்டிருக்கிறார்கள். டிராக் பார், லேட்டரல் ராடு, பேன்ஹார்டு ராடு எல்லாம் அதுதான். பேன்ஹார்டு என்பது ஒரு பழைய பிரெஞ்சு கார் கம்பெனியின் பெயர். இங்கே 'பஞ்சர் ராடு இருக்கா' என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு, எடுத்துக் கொடுத்துவிடுவோம். புதிய மஹிந்திரா தார் வண்டியில் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனி என்பதால் முன்னால் இந்த ராடே கிடையாது. அதற்கு வேண்டுமென்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

காட்டுப் பாதைக்காக உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிறீர்கள். ராடின் நீளம் மாறவில்லை, சாய்வு மாறிவிட்டது. கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்குப் புரியும், கை சாயச் சாய நுனி கம்பத்தை நோக்கி உள்ளே வரும். கணக்குக்கு 850 மில்லிமீட்டர் ராடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே உயர வித்தியாசம் 80 இருந்தது 130 ஆனால், அச்சு ஆறு மில்லிமீட்டர் ஒரு பக்கமாக இழுபடும். ஒரு பக்கச் சக்கரம் ஆறு வெளியே, மறுபக்கம் ஆறு உள்ளே, ஆக மொத்தம் 12 வித்தியாசம். இதை நான் கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டித்தான் அளக்கிறேன். சிரிக்காதீர்கள், கம்ப்யூட்டர் அலைன்மென்ட் சக்கரங்களின் கோணத்தைச் சொல்லும். பாடிக்கு நடுவே அச்சு இருக்கிறதா என்பதைக் குண்டு சொல்லும்.

அதற்குத்தான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடு. இதில் இரண்டு முனையிலும் வலமரை இடமரை இருப்பதை வாங்குங்கள், வண்டியில் மாட்டியபடியே நடுக் குழாயைத் திருப்பி நீளத்தைச் சரிசெய்யலாம். ஒரே முனையில் மரை இருந்தால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும். ராடு எவ்வளவு கனம் என்று கையில் தூக்கிப் பார்க்கிறார்கள், அதில் பெரிய அர்த்தமில்லை. குழாயின் சுவர்த் தடிமனையும் வெல்டிங்கையும் பாருங்கள். கூடியமட்டும் நேர் ராடாக இருக்கட்டும். அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியைத் தாண்ட வளைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் குழாய் இன்னும் தடிமனாக இருக்க வேண்டும், அழுத்தம் வந்தால் வளைந்த ராடுதான் முதலில் மடங்கும்.

முனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படங்களில் பளபளவென்று தெரியும் உருண்டை ஜாயின்ட் போட்டியில் ஓடும் வண்டிக்கு நல்லது. நம்ம செம்மண் புழுதியில் அது சீக்கிரம் தேய்ந்து 'டக் டக்' என்று சத்தம் போடும், சாலையின் அதிர்வு முழுக்க உள்ளே வரும். பாலியூரித்தேன் புஷ் (முனைக்குள் போடும் பிளாஸ்டிக் உருளை) அதைவிடத் தேவலை, கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். வாரம் முழுக்க தேவகோட்டைக்கும் மதுரைக்கும் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தைலமரக்காட்டுக்குள் போகிறவருக்கு என் ஓட்டு ரப்பர் புஷ்ஷுக்கே. இதில் எனக்கு லாபம் குறைவு, இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இனி அந்த ஆட்டம். நாங்கள் வாப்ளிங் என்போம். ராடு நல்லதாக இருந்தும் வரும். போல்ட் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால், புஷ் கிழிந்திருந்தால், சக்கரம் திரும்பும் இடத்துக் கிங்பின் பேரிங் தளர்ந்திருந்தால், டயர் பேலன்ஸ் போயிருந்தால் வரும். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கின் நீளத் தண்டும் இந்த ராடும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றின் பிராக்கெட்டை மட்டும் இறக்கினால் பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். இதற்கெல்லாம் அதிர்வைத் தணிக்கும் புது ஸ்டியரிங் டேம்பர் போட்டால் தீரும் என்பது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துகிற கதை. அப்புறம் முக்கியமானது, புஷ் போல்ட்டை வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

எங்கள் பழைய வெல்டர் சித்திரையில் சார்ஜாவுக்குப் போனபின் வேலை கொஞ்சம் நெருக்கடியாகத்தான் ஓடுகிறது. அந்தத் தம்பியின் வண்டியில் போல்ட் இறுக்கியபோது வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, தவறு அங்கேதான். புஷ் மாற்றிக் கொடுத்தாயிற்று, காசு வாங்கவில்லை.

விலையைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது, அது அன்றே எங்கள் பில்லில் குறைந்தது, பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டு ராடுக்கு டாலரும் சரக்குக் கட்டணமும் ஏறியது என் கையில் இல்லை. மாட்டும் கூலி மட்டும் 1,800-லிருந்து 2,400. இதில் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை போல்ட் இறுக்கம் பார்ப்பதும் சேரும். போன சித்திரைக்குப் பின் ராடு மாட்டிய எல்லோரும் கூலி இல்லாமல் வந்து பார்த்துக்கொள்ளலாம், தயவுசெய்து வாருங்கள்.

மெசேஜ் வந்த மறுநாளே பள்ளத்தூரிலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் தன் வண்டியையும் விட்டுவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துப் போன ஐயாவுக்கும், "நீ கவலைப்படாதேப்பா" என்று கானாடுகாத்தானிலிருந்து போன் செய்த ஆச்சிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்து, நான்கு நாள் ஓட்டுவதற்காகவே வண்டியை வருஷம் முழுக்க எங்கள் பொறுப்பில் விட்டுப்போகிறவர்களுக்கும் நன்றி.

கழற்றிய கம்பெனி ராடுகள் பதினொன்று பரணில் கிடக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றிப் பேசுகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் என்று வரும்போது பழசு கையில் இருப்பது நல்லது. பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன், எடுத்துப் போங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் டீ உண்டு.

உங்கள் பட்டறைக்காரன்
கோட்டையூர் ரோடு, காரைக்குடி