வருமானம் இல்லாதவருக்குத் தனியார் ஓய்வூதியம் ஏற்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதியாண்டு முடியும் நேரத்தில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்கள் இல்லத்தரசிகளின் பெயரிலும் மும்முரமாக விற்கப்படுகின்றன. முதுமையில் ஒரு பெண்ணுக்குத் தன் பெயரிலேயே மாதந்தோறும் பணம் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கணவரின் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதற்கு 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்தான். ஆனால், அந்தத் தேவைக்கு இந்தத் திட்டங்கள்தாம் விடை என்பதை ஏற்க இயலவில்லை.

இவற்றை விற்பவர்கள் முதலில் சொல்வது வரிச்சலுகை. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாயும் மிச்சமாவதில்லை. மனைவியின் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் கணவர் பணம் செலுத்தினாலும் அவர் அதற்கு வரிவிலக்குக் கோர முடியாது. மாறாக, மனைவி பெயரிலுள்ள பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்புநிதி) கணக்கில் செலுத்தினால், பழைய வரி முறையில் இருக்கும் கணவருக்கு விலக்கு உண்டு. இந்த வேறுபாட்டை எந்த முகவரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது, பணம் முடங்கிப் போவது. பிரீமியம் கட்டப்போவது கணவரின் சம்பளத்திலிருந்து. அவர் வேலையை இழந்தாலோ நோய்வாய்ப்பட்டாலோ தவணை நின்றுவிடும். தொடக்க ஆண்டுகளில் பாலிசியைச் சரண்டர் செய்தால், அதாவது இடையிலேயே முடித்துக்கொண்டால், கட்டிய பணம் முழுவதும் திரும்பி வராது. பாலிசியுடன் தரப்படும் பலன் விளக்க அட்டவணையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் 4 சதவீதம், 8 சதவீதம் என இரண்டு அனுமான வளர்ச்சி விகிதங்களுக்குத் தனித்தனியே கணக்கு இருக்கும். முகவரின் விரல் பெரும்பாலும் 8 சதவீதப் பத்தியிலேயே நிற்கிறது. குடும்பம் முடிவெடுக்க வேண்டியதோ 4 சதவீதப் பத்தியைப் பார்த்து.

நாற்பது வயதைத் தாண்டாத இல்லத்தரசி முதலில் பார்க்க வேண்டியது மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துவோர் இதில் புதிதாகச் சேர முடியாது. வருமானம் இல்லாதவருக்கு அந்தத் தடை இல்லை. 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் செலுத்தினால், 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் உறுதியாகக் கிடைக்கும். அவருக்குப் பின் கணவருக்கும் அதே தொகை, இருவருக்கும் பின் நியமனதாரருக்கு 8.5 லட்சம் ரூபாய். தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வரவாகும் வங்கிக் கணக்கிலிருந்தே இந்தத் தவணையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். இதிலும் குறை உண்டு: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் அந்த 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பில் 900 ரூபாய்கூடத் தேறாது. எனவே இதை மட்டும் நம்பாமல், கையில் மிஞ்சுவதை பி.பி.எஃப். கணக்கில் போட்டு வருவது நல்லது. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிருடன் இருக்கும்; ஏழாம் ஆண்டு முதல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்; வட்டிக்கு வரி இல்லை.

தனியார் ஓய்வூதியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுபதை ஒட்டிய வயதில், நிலம் விற்ற பணமோ பூர்விகச் சொத்தின் பங்கோ மொத்தமாகக் கைக்கு வந்து, அதை நிர்வகிக்கத் துணை இல்லாத பெண், ஒரு பகுதியைச் செலுத்தி, காத்திருக்காமல் தொகை வரத் தொடங்கும் உடனடி ஓய்வூதியம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆயுள் முழுவதும் தொகை நிற்காது என்ற உறுதிக்கு அப்போது மதிப்பு உண்டு. முப்பது வயதில், பிறர் சம்பளத்தை நம்பி, நீண்ட காலத் தவணைக்குக் கையெழுத்திடுவது அப்படிப்பட்டதல்ல.

விண்ணப்பத்தில் சொந்த வருமானம் இல்லை என்று எழுதுபவருக்கு, இத்திட்டத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதைத் தமிழில் எழுத்துமூலம் தெரிவிப்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். அண்மையில் பாலிசி வாங்கியவர்கள், ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போக மீதிப் பணத்தைப் பெறலாம் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.