ஸ்ட்ராபெர்ரி பேஸ்டை ஏன் எடுத்துவிட்டோம்?

எங்கள் பல் கிளினிக்குக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர்களுக்கு வணக்கம்.

பில் போடும் மேசையில் அடுக்கியிருந்த ஸ்ட்ராபெர்ரி ருசிக் குழந்தைகள் டூத்பேஸ்ட் எங்கே என்று ஒரு வாரமாகப் பலரும் கேட்கிறீர்கள். எடுத்துவிட்டோம், இனி விற்பதாகவும் இல்லை. ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, அதனால் இந்த மடல்.

போன மாதம் நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். அம்மா பணம் எடுப்பதற்குள் ஒரு டியூபைத் திறந்து ஐஸ் குச்சி மாதிரி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டான். "வீட்லயும் இப்படித்தான், துப்பவே மாட்டான்" என்றார் அம்மா. அந்த ருசியைப் பழக்கிவிட்டது நாங்கள்தான்.

வேறு ஊரென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். தருமபுரியில் முடியாது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற தாது உப்பு அதிகம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வரத் தொடங்கியதே இதற்காகத்தான். பெரியவர்கள் பலருடைய முன்பற்களில் இருக்கும் பழுப்புக் கோடுகள், அவர்கள் சிறுவயதில் குடித்த தண்ணீரின் தடம்.

விஷயம் இதுதான். பேஸ்டிலும் அதே ஃபுளோரைடு இருக்கிறது. விழுங்கிய ஃபுளோரைடு ரத்தத்தில் கலந்து, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலை, அதாவது மேற்பூச்சை, கெடுக்கும். முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு வயதுதான் ஆபத்துக் காலம். எட்டு வயதுக்குள், ஞானப்பல் தவிர மற்ற பற்களின் மேற்பூச்சு உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு விழுங்கினாலும் அவற்றில் புதுக் கறை வராது.

சரி, ஃபுளோரைடே இல்லாத பேஸ்ட் வாங்கிவிடலாமா? நிறையப் பேர் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், அதுவும் வேண்டாம். வெளியே முளைத்த பல்லின் மேல் படும் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது. கறை விழுந்த பல்லிலும் சொத்தை வரும், வாரா வாரம் பார்க்கிறோம். பல்லில் படட்டும், வயிற்றுக்குள் போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் அலை அலையாக வைப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். குறுக்காக ஒரு தொடு தொட்டால் போதும். மிட்டாய் வாசனை வேண்டாம். டியூப் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். ஏழெட்டு வயது வரை இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுளுக்கும் அதேதான், குழந்தையின் கை அங்கே எட்டாது.

தண்ணீருக்கு வருவோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குடிக்க கேன், சோறு வடிக்கவும் பால் பவுடர் கரைக்கவும் போர் என்று வைத்திருக்கும் வீடுகள் அதிகம். அதுவும் குழந்தையின் வயிற்றுக்குள்தான் போகிறது. ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ சமையலுக்கும் எடுங்கள். அப்புறம் டீ. தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

இன்னும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள், குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால், எந்த பேஸ்டாக இருந்தாலும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

எங்களிடம் வாங்கி இன்னும் பிரிக்காத ஸ்ட்ராபெர்ரி டியூப் இருந்தால் கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவரும் கிளினிக் ஊழியர்களும்
தருமபுரி