முதன்மை எண்ணில் இறால், 101ஆம் இலக்கத்தில் பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘எக்ஸ் பிளஸ் வை’ என்ற 2014ஆம் ஆண்டுப் பிரித்தானியப் படம் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணித மேதையாக வரக்கூடிய பிள்ளையைப் பெற்றவர்கள் பார்க்க வேண்டிய படம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். மற்றப் பெற்றோர்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அவர்களுக்கும் முன்னால், என்னைப் போல 28 வருடம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்த ரீச்சர்மார்.

படத்தில் வரும் நேதன் ஓட்டிசம் உள்ள, யாரோடும் ஒட்டாத பையன். தகப்பன் கார் விபத்தில் இறந்த பிறகு தாயைத் தன் கையைப் பிடிக்கக்கூட விடுவதில்லை. சைனீஸ் கடையில் வாங்கும் இறால் உருண்டைகள் முதன்மை எண்ணில், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 5, 7 போன்ற எண்ணில், இருந்தால்தான் சாப்பிடுவான். தாய் படும் பாட்டைப் பார்க்க முடியாது.

கணிதத்தையும் படம் ஏமாற்றாமல் காட்டுகிறது. சினிமாக்காரர்கள் கரும்பலகை நிறைய எதையாவது கிறுக்கிவைப்பதுதான் வழக்கம். இங்கே, சர்வதேச கணித ஒலிம்பியாட் என்ற பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் தாய்வான் பயிற்சி முகாமில் உண்மையான கணக்கு ஒன்று வருகிறது. 20 சீட்டுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. கவிழ்ந்த ஒன்றை நிமிர்த்தி, அதற்கு வலப்பக்கத்துச் சீட்டையும் புரட்ட வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்யும்போது, எந்தச் சீட்டை எடுத்தாலும் இது ஒரு கட்டத்தில் நின்றே தீரும் என்று நிறுவ வேண்டும். கவிழ்ந்ததை 1 என்றும் நிமிர்ந்ததை 0 என்றும் எழுதுகிறான் நேதன். வரிசை முழுவதும் 1, 0 மட்டுமே கொண்ட ஒரு துவித எண் ஆகிவிட்டது. இடப்பக்கத்து இலக்கத்துக்குத்தான் பெறுமதி அதிகம்; அங்கே 1 பூச்சியமாவதால், வலப்பக்கத்தில் என்ன நடந்தாலும் எண் சிறுத்துக்கொண்டே போகும். பூச்சியத்துக்குக் கீழே போக அதற்கு வழியில்லை. அவ்வளவுதான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

சரி, கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாத லூக்குக்கு வருகிறேன். அதே முகாமில் இருக்கும் இன்னொரு பையன். நேதனைப் போலத்தான், ஆனால் வாய் அதிகம். மற்றப் பிள்ளைகளுக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. சர்வதேச கணித ஒலிம்பியாட்டுக்கு ஒரு நாட்டிலிருந்து ஆறு பேர்தான் போகலாம். அந்த ஆறில் லூக் இல்லை. கெட்டித்தனம் இருந்தால் விசித்திரமாக இருக்கலாம், அதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது விசித்திரம் மட்டும்தானே என்ற கருத்தில் அவன் ஒன்று சொல்வான். படம் அப்புறம் அவனை விட்டுவிட்டு நேதனின் காதலுக்குப் போய்விடுகிறது. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரே வகுப்பில் என்னிடம் இரண்டு பையன்கள் படித்தார்கள். இருவரும் நிமிர்ந்து முகம் பார்க்கமாட்டார்கள், இருவருக்கும் கூட்டாளிகள் இல்லை. ஒருவன் நான் ஒரு பக்கம் நிறுவுவதை மூன்று வரியில் நிறுவுவான். அவனுடைய குணங்களை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மற்றவன் 35 புள்ளி தாண்டமாட்டான். “ரீச்சர், இவன் 101ஆம் இலக்க பஸ்ஸில்தான் ஏறுவான், 100 வந்தால் எவ்வளவு இழுத்தாலும் ஏறமாட்டான்” என்று அவனுடைய தாய் ஒருநாள் சொன்னார். காலி வீதியில் இரண்டு பஸ்ஸும் ஒரே பக்கம்தான் போகும். “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீங்கள் அம்மா, கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கோ” என்றேன். 101 முதன்மை எண் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. முதலாமவன் அப்படி அடம்பிடித்திருந்தால் உடனே தோன்றியிருக்கும், வகுப்புக்கே சொல்லியிருப்பேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கணிதம் தானாக வரும் என்று கட்டுரையில் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். அபூர்வத் திறமை சிலருக்கு இருக்கும், பெரும்பாலானோருக்கு இருக்காது. இயக்குநர் மோர்கன் மத்தியூஸ், பிரித்தானிய ஒலிம்பியாட் பிள்ளைகளைப் பற்றி 2007இல் தானே எடுத்த ஆவணப்படத்திலிருந்துதான் இந்தக் கதையைப் பிடித்தார். லூக்கைக் கதையில் வைக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. நமது கட்டுரையாளருக்கு அவன் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. நேதன் பதக்கம் வென்று தாயைப் பெருமைப்படுத்துவதாகக் கட்டுரை முடிகிறது. படத்தில் அவன் ஒலிம்பியாட் பரீட்சை மண்டபத்தை விட்டு எழுந்து ஓடிவிடுகிறான். கட்டுரையாளர் கடைசி அரை மணி நேரத்தைப் பார்க்கவில்லைப் போலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.