அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கம்போடியாவுக்குத் தொண்டு செய்யப் போய் வந்த நம் பக்கத்து இளைஞர்களைப் பற்றி முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பாரம்பரிய ஆடலும் இசையும் பயிலும் பிள்ளைகளோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். நல்ல விஷயம் என்றுதான் படித்துக்கொண்டு வந்தேன். கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, அன்பு இருந்தால் போதும் என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மூன்று நாளாக அந்த வரிதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் 31 வருடம் தையல் ஆசிரியையாக இருந்தவள். கலவைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கூத்து ஜமாவில், அதாவது கூத்தாடும் குழுவில், முகவீணை என்ற சின்னக் குழல் வாசித்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை ஒரு ஏற்பாட்டாளரிடம் கட்டி, நானும் அதே கம்போடியாவுக்குத்தான் போனேன். அங்கே சியெம் ரீப் என்ற ஊரில் இரண்டு மாதம் இருந்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

"உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்மா, அன்பாக இருந்தால் போதும்" என்று அந்த ஏற்பாட்டாளரும் சொன்னார். கொண்டுபோய் விட்டது ஒரு குழந்தைகள் இல்லத்தில். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போவார்கள். சாயங்காலமானால் தலையில் கிரீடம், இடுப்பில் சரிகைத் துணி. சுற்றுலாப் பயணிகள் சாப்பிடும் இடத்தில் தினமும் ஆட்டம். முடிந்ததும் நன்கொடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த வேலை அவர்களோடு விளையாடுவதும் படம் எடுத்துக்கொள்வதும்தான்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி முதல் நாளே ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மடியிலும் அதே மாதிரி ஓடிப்போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரைகுறை ஆங்கிலம் தெரிந்த சமையல்காரம்மாவிடம், இவளுடைய அம்மா எங்கே என்று கேட்டேன். பக்கத்து மாகாணத்தில் வயல் வேலை செய்கிறாள் என்றார். அந்த நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யூனிசெஃப் பல வருடமாகச் சொல்லி வருகிறது. 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, லாபத்துக்காகப் பிள்ளைகளை இப்படி இல்லங்களில் சேர்ப்பதும் அடிமைமுறைதான் என்று ஏற்றுக்கொண்டது. பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. ஆனால் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏற்பாட்டாளரின் கைபேசி எண் மட்டும் கட்டம் கட்டி வந்திருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் என் துணிப்பெட்டியோடு வெளியே வந்துவிட்டேன். மிச்ச நாளெல்லாம், வயதான ஓர் ஆட்ட ஆசிரியை நடத்தும் சின்னப் பள்ளியில் இருந்தேன். பெற்றோர் காலையில் கொண்டுவந்து விட்டு, மதியம் அழைத்துப் போகிற பிள்ளைகள். அவர்கள் யாரும் என் அன்புக்குக் காத்திருக்கவில்லை. அங்கே தேவைப்பட்டது ஊசி பிடிக்கத் தெரிந்த கை. கெமர் என்ற அந்த நாட்டு மக்களின் செவ்வியல் ஆட்டத்தில் மேலுடையை ஆடுகிறவர் உடம்பின் மேலேயே வைத்துத் தைக்கிறார்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நாம் தோளிலிருந்து விலா வரைக்கும் இழுத்துத் தைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் துணி கிழியாமல் பிரிக்க வேண்டும். அப்பாவின் ஜமாவில் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜகீர்த்தி என்ற தோள் அணியையும் மார்புப் பதக்கத்தையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்களே, அதே கவனம். ஏழு வாரம் இதைத்தான் செய்தேன். மொழி தெரியாதது ஒரு குறையாகவே இல்லை.

பிள்ளைகள் தினமும் தரையில் உட்கார்ந்து, விரல்களை மணிக்கட்டுப் பக்கமாகப் பின்னால் வளைத்துப் பிடிப்பார்கள். ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகப் போய் முழங்கையைத் தொட்டுத் திருத்துவார். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து இரண்டு தொண்டர்கள் வந்தார்கள். வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து தாங்களும் விரலை வளைத்துக் காட்டி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, படம் எடுத்தார்கள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் பாடத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மறுபடி பாடம் நடக்கவில்லை. அந்த இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். அன்புக்கும் குறைவில்லை.

அந்த அம்மாள் ஆடக் கற்றது தாய்லாந்து எல்லையில், அகதி முகாமில். 1975 முதல் 1979 வரை நாட்டைப் பிடித்து வைத்திருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில், கலைஞர்கள் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் செத்துப் போனார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். மிஞ்சியவர்கள் தங்கள் உடம்பில் இருந்த ஞாபகத்தை வைத்துத்தான் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குருவை அவர்கள் 'க்ரூ' என்கிறார்கள். குருவணக்கத்தை அங்கேயும் வியாழக்கிழமையில்தான் செய்கிறார்கள். சம்போ என்ற மத்தளத்துக்கு ஊதுவத்தி ஏற்றி வைத்ததைப் பார்த்தபோது, கூத்து நடக்கும் களரிக்குப் போகும் முன் அப்பா முகவீணையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஞாபகம் வந்தது. இப்படிக் காப்பாற்றிய ஒன்றைத்தான், எதுவும் தெரியாமல் போய் அன்பு காட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேலூரிலிருந்து வெளிவரும் பக்கத்தில் இது வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் யார் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் செத்ததைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு அன்பு இல்லாமலா இருந்தது? அது போதாது என்று புரிந்துதான் அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவம் படித்து முடித்து, 1900-இல் இங்கே ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். அப்புறம் கடைசிவரைக்கும் இந்த நாட்டிலேயே இருந்தார். வெளியூரிலிருந்து வந்து தொண்டு செய்வது எப்படி என்று நம் ஊருக்கே தெரியும்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் பங்குனி வந்தால், திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தைப் படம் போட்டு 'அழிந்து வரும் தெருக்கூத்து' என்று தலைப்புக் கொடுக்கிறீர்கள். பதினெட்டு நாள் பாரதம் எந்த ஊரில் என்றைக்குத் தொடங்குகிறது என்று எழுதி அனுப்பினால், இடமில்லை என்று பதில் வருகிறது. முகவீணையை நாதஸ்வரம் என்று போட்டதற்கு அஞ்சலட்டை எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. 1989-இலேயே வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலைப் பக்கம் போன செய்யாற்றை, போன வருடம்கூட வேலூர் மாவட்டம் என்று போட்டிருந்தீர்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி ப்ரூனும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், பிள்ளைகள் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டபோது தங்கள் பக்கத்தில் ஒரு பத்திகூட நான் பார்க்கவில்லை. கடல் தாண்டிப் போய்த் தொண்டு செய்வதற்கு முழுப்பக்கம் கிடைக்கிறது.

இளைஞர்கள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும். தைக்கத் தெரிந்தவர் தைக்கட்டும், கணக்குத் தெரிந்தவர் பள்ளியின் வரவு செலவை எழுதிக் கொடுக்கட்டும். ஒன்றும் தெரியாதவர் மூலையில் உட்கார்ந்து, ஆசிரியை கூப்பிடும்போது எழுந்து வரட்டும். போகிற இடத்தில் பிள்ளைகள் ராத்திரி யார் வீட்டில் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அந்தக் கைபேசி எண்ணை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். அப்புறம், மூன்றாவது படத்தில் அந்தப் பையன் வாசிப்பது நாதஸ்வரம் இல்லை. அதன் பெயர் ஸ்ரலாய். ஓலையில் செய்த சீவாளி வைத்து ஊதுவது. திருத்தம் போடும்போது பெயரைச் சரியாகப் போடுங்கள். பையனின் முகம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கலவை, ராணிப்பேட்டை மாவட்டம்.