திரையில் ‘ஐந்தரைக் கட்டை’ என்று வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்த விலை கீபோர்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிகள் நானூறு, தாளங்கள் நூறு என்று அடுக்கியிருந்தார்கள். காவேரிப்பட்டணத்தில் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் எனக்கு அவற்றில் பத்துகூடத் தேவைப்பட்டதில்லை. நாய் குரைக்கும் ஒலியை மட்டும் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை நேராக வர ஒரு மாதம் ஆகிறது.

மாங்கூழ் ஆலைக்குப் போகும் ஒரு தாய், சீசன் கூலியைச் சேர்த்து மகளுக்கு 61 கட்டை கீபோர்டு வாங்கித்தந்தார். சிறுமியின் குரலுக்குச் சுருதி, அதாவது ‘ச’ நிற்கும் இடம், ஐந்தரைக் கட்டை. கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை, ஒன்றாம் கட்டையிலிருந்து கறுப்பையும் சேர்த்து எண்ணி நான்கு படி இறக்கிவிட்டால் போதும். விரல் பழகிய இடத்திலேயே ‘ச’ கிடைக்கும். ஆனால் திரையில் தெரிவது ‘-4’. வீட்டில் அவள் ஐந்தைத் தேடி ‘+5’ வைத்துக்கொண்டு, மேல் ஷட்ஜம் (மேல் ‘ச’) எட்டாமல் இரண்டு நாள் கத்தியிருக்கிறாள்.

கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்த என் தந்தைக்கு ஆங்கில எழுத்தே தெரியாது. வெள்ளைக் கட்டையை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். அடுத்த கறுப்புக்கு அரை கூட்டுவார். சுருதி தயார். அதே கணக்கைத் திரையில் ‘5½’ என்று காட்டப் புதிய பாகம் எதுவும் வேண்டாம், உள்ளே இருக்கும் நிரலில் சில வரிகள் போதும். இதைச் செய்யும் நிறுவனத்தின் கீபோர்டைத்தான் என்னைப் போன்றவர்கள் பெற்றோரிடம் சொல்வோம். புதிதாகக் கற்பவர்கள் விளம்பரத்தைவிட வாத்தியார் சொல்வதைக் கேட்டுத்தானே வாங்குகிறார்கள்?

மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும் வசதியும், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்குச் சுருதியை வளைக்கும் சக்கரமும் விலை கூடிய மாடல்களில்தான் கிடைக்கின்றன. அது வேறு வழக்கு.

இன்னொன்று, அடாப்டர். அந்தச் சிறுமியின் அடாப்டர் பழுதானதும் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் வேறொன்று வாங்கினார்கள். முனை கச்சிதமாகப் பொருந்தியது, பிளஸ்-மைனஸ்தான் மாறியிருந்தது. கருகல் வாசனை வந்த பிறகே தெரிந்தது. பழுது பார்க்கப் பெங்களூரு போக வேண்டுமாம். ஒரு நாள் கூலி போய்விடும் என்று தாய் தள்ளிப்போட, கீபோர்டு பீரோ மேல் ஏறிவிட்டது. அசல் அடாப்டர் கிருஷ்ணகிரியிலேயே ஒரு கடையில் கிடைத்திருந்தால் இந்த வம்பு இல்லை.

ஒலிப் பட்டியலில் இடம் போதவில்லை என்றால், அந்த நாயை எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பம்பை மேளத்தை வைக்கட்டும்.

– ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்