பறவை இல்லாத பறவை வீரன்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. ‘கோர்’ படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்துவிட்டு, “பறவை எங்கேடா?” என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஜான் நார்மன் 1966இல் எழுதிய நாவலின் பெயரே ‘டார்ன்ஸ்மேன் ஆஃப் கோர்’. கோர் என்பது கதை நடக்கிற வேற்றுக்கோள். டார்ன் என்றால் ஆள் ஏறிப் பறக்கிற ராட்சதப் பறவை. தலையில் கொண்டை, வல்லூறு மாதிரி உடல். 1987இல் படம் வந்தபோது தலைப்பிலிருந்தே டார்ன் கழன்றுவிட்டது. படத்துக்குள்ளும் ஓர் இறகுகூடக் கிடையாது. கதாநாயகன் பாலைவனத்தில் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான்.

காசில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் இருந்த காசு எங்கே போனது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இந்தப் படத்தை வெளியிட்ட கேனன் சினிமா நிறுவனத்தின் வியாபாரமே படம் எடுப்பதற்கு முன்பே போஸ்டரைக் காட்டி வெளிநாட்டு விநியோகஸ்தர்களிடம் விற்பது. போஸ்டருக்கு இரண்டு சரக்கு வேண்டும்: பெயர் பெற்ற நாவல் வரிசை ஒன்று, பெயர் பெற்ற நடிகர் ஒருவர். கோர் வரிசையில் அப்போதே இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்திருந்தன. நடிகருக்கு ஆலிவர் ரீடும் ஜாக் பேலன்ஸும். பேலன்ஸ் முதல் படத்தில் கடைசியில்தான் தலைகாட்டுகிறார். அவருக்கு வேலையே இரண்டாம் படத்தில்தான். ஆனாலும் விளம்பரத்துக்குப் பெயர் பெயர்தானே. படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவில். இனவெறி ஆட்சியைக் கண்டித்துப் பல கலைஞர்கள் அந்த நாட்டைப் புறக்கணித்துவந்த காலம் அது. ஆனால் சினிமாவில் பணம் போடுகிறவர்களுக்கு அங்கே வரிச்சலுகை இருந்தது. மணலும் பாறையும் வாடகை கேட்பதில்லை.

வெட்டியதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாவலில் வெள்ளி நிற விண்கலம் வந்து கதாநாயகனைப் பூமியிலிருந்து கோருக்கு ஏற்றிக்கொண்டு போகும். படத்தில் மோதிரம் ஒளிர்ந்தால் போதும், ஆள் அங்கே போய்விடுகிறான். ஒரு செட், ஒரு மாடல், இரண்டு நாள் வேலை மிச்சம். கதைக்கு ஒரு நட்டமும் இல்லை. வில்லன் சார்ம் விஷயமும் அப்படித்தான். பின்னால் வருகிற நாவலில் அவன் ஆளுயரத்தை மிஞ்சிய பூச்சி இனத்தைச் சேர்ந்தவன். படத்தில் பூச்சிக்குப் பதில் ஆலிவர் ரீட். அந்த ரப்பர் பூச்சியைச் செய்து ஆறு பேர் கயிறு இழுத்திருந்தாலும் ரீடின் கண் செய்கிற வேலையில் கால்வாசி தேறியிருக்காது. புத்தகங்களில் பெண்களை அடிமைகளாக்கிப் பேசுகிற பகுதிகளை மழுப்பிவிட்டார்கள்; அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பறவையை எடுத்தவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. காலி இடம் படம் முழுக்கத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிர் ‘தி பீஸ்ட்மாஸ்டர்’, 1982. ஆண்ட்ரே நார்ட்டன் 1959இல் எழுதிய நாவல் வாள்-மந்திரக் கதையே அல்ல. பூமி அழிந்த பிறகு வேறொரு கோளுக்குப் போகிற நவாஹோ வீரன் ஒருவனின் கதை. இயக்குநர் டான் காஸ்கரெல்லி கோளையும் தூக்கினார், நவாஹோவையும் தூக்கினார், கையில் வாளைக் கொடுத்து அரைகுறை ஆடையோடு விட்டார். நார்ட்டன் அம்மாவுக்கு வந்த கோபத்தில் தன் பெயரையே படத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். கோபம் சரிதான். ஆனாலும் காஸ்கரெல்லி ஒன்றை மட்டும் விடவில்லை: மிருகங்களோடு மனதால் பேசுகிற ஆள். நாவலில் கழுகு, பெரும்பூனை, மீர்கேட் இரண்டு. படத்தில் கழுகு, புலி, கீரி மாதிரி இருக்கிற ஃபெர்ரெட் இரண்டு. எல்லாம் உயிருள்ள மிருகங்கள். காசு அங்கே போயிருக்கிறது, போனது திரையில் தெரிகிறது. கேமராவுக்கு ஜான் ஆல்காட். ஆஸ்கார் வாங்கிய கை.

அதிலும் கோளாறு இல்லாமலில்லை. கருஞ்சிறுத்தை சொன்னபடி கேட்காது என்பதால் பழகிய புலிக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். புலி தண்ணீர் குடிக்கும், வாயைச் சுற்றிச் சாயம் போகும். நிறுத்தி நிறுத்திப் பார், முகத்தில் வெளுப்பு தெரியும். மிருகத்தை வைத்து எடுக்கிறவர்கள் எல்லாரும் படிக்கிற பாடம் ஒன்று உண்டு: ஒரு மிருகத்துக்கு ஒரு வித்தை. ஓடுகிறது வேறு, உட்காருகிறது வேறு, உறுமுகிறது வேறு. பாத்திரம் ஒன்று, மிருகம் மூன்று. ஒன்றே எல்லாம் செய்யும் என்று நம்பி அட்டவணை போட்டால் கால்ஷீட் கரைந்துவிடும்.

2009இல் ‘பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்’ கதையை அசைலம் நிறுவனம் நேரடி வீடியோவாக எடுத்தது. எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய அந்த நாவல் அமெரிக்காவில் காப்புரிமை தீர்ந்தது, ஆக உரிமைத்தொகை பூஜ்யம். ஆனால் பதினைந்தடி உயரமும் நான்கு கையும் கொண்ட பச்சை மனிதர்கள் அதில் நம் உயரத்துக்கு, இரண்டு கையோடு, தந்தம் வைத்த முகமூடியோடு வருகிறார்கள். முகமூடிக்குள் வாய் அசையாது. வாய் அசையாதவன் எவ்வளவு வசனம் பேசினாலும் பொம்மைதான். அவ்வளவுதான், அந்தப் படத்தைப் பற்றி அதற்கு மேல் வேண்டாம்.

இனி உன் மாணவர்களின் இருபது நிமிடப் படம். வாள் எத்தனை, எதில் செய்வது என்று கேட்டிருந்தாய். ஒரு சண்டைக்கு, ஆளுக்கு அலுமினியம் இரண்டு, ரப்பர் ஒன்று. க்ளோஸ்-அப்புக்கு இரும்பு வாள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று போதும். அலுமினியத்தில் சாதா தகடு வாங்காதே, இரண்டாவது அடியிலேயே வளையும். 6061-டி6 ரகம், 6 மில்லிமீட்டர் தகடு என்று கேட்டு வாங்கு. அலகு 75 சென்டிமீட்டர் நீளம், நாலரை அகலம் வைத்தால் கைப்பிடி சேர்த்து ஒரு கிலோவுக்குள் நிற்கும். விளிம்பை 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்க்கக் கூடாது, உருட்டி விட வேண்டும்.

வாள் உடைகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: அலகு முடிந்து கைப்பிடிக்குள் போகிற தோள். பட்டறைக்காரர் அங்கே செங்கோணமாக வெட்டிவிடுவார், இல்லையென்றால் தனிக் கம்பியை வெல்டிங் வைத்துவிடுவார். இருபதாவது டேக்கில் அலகு மட்டும் தனியாகப் பறக்கும், எதிரே நிற்கிறவன் முகம் என்ன ஆகும் என்று யோசி. ஒரே தகட்டில் வெட்டச் சொல். அந்த மூலையை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவாக எடுக்கச் சொல். அடிபட்ட விளிம்பில் பிசிறு கிளம்பும், அது பிளேடு மாதிரி கிழிக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே ஒருவன் அரத்தோடு நிற்க வேண்டும், அது மட்டும்தான் அவன் வேலை. வெயிலில் அலுமினியம் இரும்பைவிட வெளுப்பாக அடிக்கும். கறுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துடைத்துவிட்டால் பாதி அடங்கும். சத்தம் தகரடப்பா மாதிரி வரும், கவலைப்படாதே, இரும்பை இரும்பில் தட்டித் தனியாகப் பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம். ரப்பர் வாள் இடுப்பில் தொங்க, ஆள் கீழே விழ, அவ்வளவுக்குத்தான். வீசினால் நாக்கு மாதிரி ஆடும். அட்டைக்கத்தி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

படைக்கு இருபது பேர்தான் என்றாய். போதும். சிறு மேட்டுக்குப் பின்னால் அறுபது ஈட்டியை மண்ணில் நட்டுவிடு, முனைகள் மட்டும் தெரியட்டும். இருபது பேரையும் மேட்டின் மேல் இடைவெளி மாற்றி நிறுத்தி, 135 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்து எடு. வரிசையின் இரண்டு முனையும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. முனை தெரிந்தால் பார்க்கிறவன் எண்ண ஆரம்பித்துவிடுவான்.

கோட்டைக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், கோட்டையின் சிறு மாடலைக் கேமராவுக்கு முன்னால் வைத்தே எடுக்கலாம். கணக்கு எளிது. 30 மீட்டர் தூரத்தில் 12 மீட்டர் கோபுரம் நிற்பதுபோல் தெரிய வேண்டும், மாடலை 2 மீட்டரில் வைக்கப் போகிறாய் என்றால், பன்னிரண்டை இரண்டால் பெருக்கி முப்பதால் வகு: 80 சென்டிமீட்டர். 28 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸின் துளை எஃப்/11 அளவுக்குச் சிறிதாக, ஃபோகஸ் சுமார் 3 மீட்டரில். ஒன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கூர்மையாக இருக்கும். அதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே முழு வெயிலில்தான் எடுக்க வேண்டும். ஒரே வெயில் என்பதால் மாடலின் நிழலும் ஆட்களின் நிழலும் ஒரே பக்கம்தான் விழும், ஆனால் ஷாட்டுக்கு ஷாட் நிழல் இடம் மாறக் கூடாது, சூரியன் சும்மா இருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடு. கேமராவைத் திருப்பாதே. திருப்பியே ஆக வேண்டுமென்றால் லென்ஸின் நோடல் புள்ளி, அதாவது திருப்பினாலும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் விலகித் தெரியாத அந்த மையம், ட்ரைபாடின் அச்சுக்கு நேராக இருக்கும்படி பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் கோட்டை தரையை விட்டு நழுவும். காற்றுக்கு மாடலைக் கட்டி வை. ஆடுகிற கோட்டையைப் போலச் சிரிப்பு வரவழைப்பது வேறில்லை.

இன்னொன்று, காக்கையை விரட்ட ஒருவனை நிறுத்து. மாடல் மதிலில் காக்கை உட்கார்ந்தால்... என்று எழுதும்போதே தோன்றுகிறது, கோர் படத்துக்கு வேண்டிய பறவை அதுதானே! அதே கணக்குதான். அரை மீட்டர் உயரப் பறவை 2 மீட்டரில் நின்றால், 30 மீட்டரில் நிற்கிற மனிதனுக்குப் பக்கத்தில் ஏழரை மீட்டர் உயரம். இரண்டும் ஒரே ஃபிரேமில், ஒரே வெயிலில். ஒரு பிரச்சினை: சின்னப் பறவை வெடுக்வெடுக்கென்று தலையைத் திருப்பும், ராட்சதன் அப்படித் திருப்ப மாட்டான். வினாடிக்கு 24க்குப் பதில் 96 பிரேமில் எடுத்தால் அசைவுக்குக் கனம் வரும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் போகும், அதாவது கால்வாசிதான் மிஞ்சும், ஆனால் கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, முழு வெயில் என்றால் எஃப்/11 சரியாகக் கிடைக்கும். அப்போது மனிதனும் மெதுவாகிவிடுவான் என்பதால் அந்த ஷாட்டில் அவன் அசையாமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும். ஏறிப் பறப்பதற்குத் தனி ஷாட்: பீப்பாயின் மேல் சேணம், கீழிருந்து கோணம், பின்னால் வெறும் வானம், பெரிய மின்விசிறி, முகத்தின் மேல் கடந்து போகிற நிழல். சிறகுச் சத்தத்துக்குத் தோல் கையுறை ஒரு ஜோடியை உதறினால் போதும்.

வல்லூறு தேடிப் போகாதே, 1972 வனவிலங்குச் சட்டம் வாசலில் நிற்கும். சேவலை வை. கொண்டை இருக்கிறது, முள் இருக்கிறது, பார்வையில் திமிர் இருக்கிறது. சேவலுக்கும் விலங்குகள் நல வாரியத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும், மனுவை இப்போதே போடச் சொல். மதில் 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் சேவல் தலை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். மதிலின் இடுக்கில், கேமராவுக்குத் தெரியாத பக்கம், நாலு கம்பு மணியைப் போட்டு வை. அரை நிமிடம் நகராது. கொத்துவதற்குக் குனிந்தால் இரை தின்கிற டார்ன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராஜு