கட்டைவிரல் மூட்டை ஒட்டவைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் தேய்மானம் பற்றிப் பத்திரிகைகளில் நிறையவே வருகிறது. கால் கட்டைவிரலின் அடிமூட்டும் தேயும் என்பதைப் பலர் மருத்துவரிடம் போன பிறகுதான் அறிகிறார்கள். "மூட்டை ஒட்டவைத்துவிடலாம்" (அதாவது மூட்டின் இரு எலும்புகளையும் அசையாதபடி ஒன்றாகக் கூடவைத்துவிடலாம்) என்று அவர் சொன்னதும், நடையே போய்விடும் என்று பயந்து வருஷக்கணக்கில் நொண்டுகிறவர்கள் ஒரு பக்கம். வலி தீர்ந்தால் போதும் என்று எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் மறுபக்கம். இருவருக்காகவும் இதை எழுதுகிறோம்.

விரலைக் கையால் பிடித்து மெதுவாக மேலே வளைத்துப் பாருங்கள். கடைசி எல்லையில் மட்டும் வலித்தால், மூட்டின் மேல்புறம் வளர்ந்திருக்கும் எலும்பு முடிச்சு இடிக்கிறது என்று கொள்ளலாம். அந்த முடிச்சோடு, மூட்டில் சேரும் பாத எலும்பின் தலையின் மேற்பகுதியில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை செதுக்கி எடுத்தாலே பலருக்குப் போதும். மூட்டின் அசைவும் மிஞ்சும். பாதி அசைவிலேயே அரைப்பதுபோல வலித்தால் சேதி வேறு. அங்கே குருத்தெலும்பு பெரும்பாலும் போயிருக்கும், செதுக்கினாலும் வலி நிற்காது. 2003-ல் காஃப்லின், ஷர்னாஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தேய்மானத்தின் தீவிரத்துக்கு வகுத்த 0 முதல் 4 வரையிலான படிநிலையில், 3-க்கும் 4-க்கும் எக்ஸ்ரேயில் வித்தியாசம் கிடையாது. நடு அசைவில் வலி இருக்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது. எனவே விரலைத் தொட்டு அசைத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவை ஏற்க வேண்டாம்.

ஒரே இரவில் விரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) ஆக இருக்கலாம். அதற்கு முதல் வைத்தியம் அழற்சியைத் தணிக்கும் மருந்துதான், கத்தி அல்ல.

முடிவெடுக்கும் முன் ஓர் ஒத்திகை பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஷூவின் உள்ளே, கட்டைவிரல் நுனிவரை நீளும் கார்பன் ஃபைபர் தகடு ஒன்றை வைத்து, முன்பக்கம் வளைந்து உருளும் அடிப்பாகமுள்ள ஷூவில் இரண்டு மூன்று வாரம் நடக்க வேண்டும். விரல் அசையாததால் வலி நன்றாகக் குறைந்தால், மூட்டை ஒட்டவைத்தாலும் குறையும் என்று பெரும்பாலும் நம்பலாம். குறையாவிட்டால் வலி வேறிடத்திலிருந்து வருகிறதா என்று தேட வேண்டும்: விரலுக்கு அடியிலுள்ள இரண்டு சிறு எலும்புகள், நரம்பு, அல்லது பக்கத்து மூட்டு. சிலருக்கு இந்தத் தகடே போதுமானதாகி, அறுவை சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

முழங்காலைப்போல இதற்கும் செயற்கை மூட்டு கிடையாதா என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் 2005-ல் வெளியான எடின்பரோ ஆய்வில், செயற்கை மூட்டு வைத்த 39 விரல்களில் 6-ல் அது தளர்ந்துபோய் வெளியே எடுக்க நேர்ந்தது. மூட்டை ஒட்டவைத்தவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தேய்ந்த குருத்தெலும்புக்குப் பதிலாக மூட்டில் பொருத்தும் ஜெல் போன்ற அடைப்பானும் 2024-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. முற்றிய தேய்மானத்துக்கு, பழைய முறையான ஒட்டவைப்பதே இன்றும் நம்பகமானது என்பது எங்கள் கருத்து.

சிகிச்சையில் நடப்பது இதுதான்: மிஞ்சிய குருத்தெலும்பை முழுக்கச் சுரண்டி, ஒரு பக்கத்தைக் கிண்ணமாகவும் மறுபக்கத்தைக் குமிழாகவும் கடைந்து, ரத்தம் கசியும் எலும்பும் எலும்பும் தொடும்படி பொருத்துகிறார்கள். குறுக்கே ஒரு திருகு இரண்டையும் இறுக்கும், மேலே ஒரு தகடு அசையாமல் பிடிக்கும். இறுக்குவதற்கு முன் வைக்கும் கோணம்தான் வாழ்நாள் முழுதும் நிற்கப்போவது. தரையை வைத்துப் பார்த்தால் 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கி, இரண்டாம் விரல் பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்ந்து, நகம் நேராக மேலே பார்த்திருக்க வேண்டும். அறுவை மேசையிலேயே தட்டையான தட்டு ஒன்றைப் பாதத்தின் அடியில் அழுத்தி இதைச் சரிபார்ப்பார்கள்.

மேல்நோக்கி அதிகமானால் விரல் ஷூவின் கூரையில் உரசும், பாரம் அடிமூட்டின் கீழே இறங்கி அங்கே காய்ப்பு வரும். கீழ்நோக்கி இருந்தால் விரல் நுனி தரையைக் குத்தும், ஒவ்வொரு அடியிலும் அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். நகத்தை அடுத்த சிறு மூட்டு நாளடைவில் தேயும். சாய்வு மிகுந்தால் பக்கத்து விரலில் புண். குதி உயர்ந்த செருப்பு அணிகிறவருக்குக் கோணம் சற்றுக் கூடுதலாக வேண்டும். வீட்டில் நாள் முழுக்க வெறுங்காலோடும் வெளியே தட்டைச் செருப்போடும் இருப்பவருக்கு அது பொருந்தாது. நம் ஊரில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைதான். ஆகவே உங்கள் செருப்பை ஆலோசனைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

எது போகும், எது போகாது? சமதரையில் நடப்பது, மாடிப்படி, சம்மணமிட்டு உட்காருவது போகாது. கணுக்காலும் பாதத்தின் மற்ற மூட்டுகளும் அப்படியே இருக்கின்றன. குத்தவைத்து உட்காரும்போது உங்கள் குதிகால் தரையில் படுமா என்று இன்றே பாருங்கள். படுமானால் இந்தியக் கழிப்பறை பெரிய சிரமமாகாது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் உட்காரும் பழக்கமென்றால் அது இனி முடியாது. தொழுகையில் விரல்களை மடித்து ஊன்றுவதும் முடியாது; புறங்காலைத் தரையில் படுக்கவைத்து அமர்ந்து பழக வேண்டும். விரலிடுக்கில் வார் மாட்டும் செருப்பு வழுக்கிக் கழன்றுபோகும் என்பதால் பின்வார் வைத்ததே நல்லது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இடது கால் கியர் நெம்பு, தகடு இருக்கும் இடத்திலேயே இடிக்கலாம். முன்னும் பின்னும் மிதிக்கும் வகை நெம்பில் குதிகாலாலேயே கியரை ஏற்றலாம்.

எலும்பு ஒட்டாமல் போவது நூற்றுக்கு சுமார் ஐந்து பேருக்கு நடக்கிறது. புகைபிடிப்பது, கட்டுக்கடங்காத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, சீக்கிரமே முன்பாதத்தை ஊன்றிவிடுவது ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் நாடித்துடிப்பும் உணர்ச்சியும் சோதிக்கப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் ஒட்டாத எலும்பைவிட ஆறாத புண்தான் பெரிய ஆபத்து.

முதல் இரண்டு வாரம் காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். தையல் பிரிப்பதும் அப்போதுதான். சுமார் ஆறு வாரம் வரை, கட்டையான அடியுள்ள சிறப்புச் செருப்பில் குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொல்வார்கள். ஆறாவது வாரம் எக்ஸ்ரே. எலும்பு கூடத் தொடங்கியது தெரிந்தால் அகலமான ஷூவுக்கு மாறலாம். வீக்கம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கலாம், அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் சிவந்து சீழ் வைத்தாலோ, கெண்டைக்காலில் புது வலியும் வீக்கமும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு காலிலும் தேய்மானம் இருந்தால், ஒன்று ஒட்டியது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு அடுத்ததைச் செய்துகொள்ளலாம். குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கும் அந்த ஆறு வாரத்துக்கு, தாங்கிக்கொள்ள இன்னொரு முழுக் கால் வேண்டும்.

இப்படிக்கு,
பாத மறுவாழ்வுத் துறையில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்கள்,
மதுரை.